மூக்கம்மாள் காதில் விழுந்த சொல்

“டிஸெமினேட்டுன்னா என்ன?”

தாயில்பட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில் நின்று மூக்கம்மாள் கேட்ட கேள்வி இது. அங்கே கூடியிருந்த பெண்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு ஊருக்குள் வந்து, பிளஸ் டூ முடித்தவர்களாகப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள். அவர்களுக்கும் தெரியவில்லை. இதை எழுதுகிறவரும் அவர்களில் ஒருவர்தான்.

அந்தச் சொல் அவளிடம் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

மூக்கம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வானத்தில் போய்ப் பூப்பூவாக விரியும் வெடிக்குள்ளே வைக்கிற மருந்து உருண்டைகளைக் காயப்போட்டு எடுப்பது அவள் வேலை. மாலையில் கையை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் போகாது. அந்தக் கையோடுதான் உலை வைப்பாள், அந்தக் கையோடுதான் தலை பின்னுவாள்.

இதுபோக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்ததும் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துப் பெண்களைக் கூட்டி ஏற்றுவாள். அவள் “போகலாம்” என்றால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், யார் இன்றைக்கு லீவு எல்லாம் அவளுக்குத் தெரியும். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆட்களுக்கு எதைச் சொல்வதானாலும் ஆபீசில், “மூக்கம்மாகிட்டச் சொல்லிருங்க” என்பார்கள். நாளைக்கு வேன் முன்னால் வரும், இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வராதீர்கள், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். அவளுக்கு அதில் பெருமை இல்லை, அலுப்புதான். நல்ல சேதி சொன்னால் கம்பெனி சொன்னது ஆகும், கெட்ட சேதி சொன்னால் மூக்கம்மாள் சொன்னது ஆகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை அடித்தது. புரட்டாசி மாதம், தீபாவளி சீசன். காயப்போடும் மேடை முழுக்க உருண்டைகள் பரப்பிக் கிடந்தன. பெண்கள் ஓடி ஓடித் தட்டுகளில் அள்ளினார்கள். ஆனாலும் பாதி நனைந்துவிட்டது. நனைந்ததைப் பின்பக்கம் தனியாக இருக்கும் அறையில் வைத்துப் பூட்டினார் போர்மேன் சீனிச்சாமி. பூட்டும்போது அவர் முகம் சரியாக இல்லை. ஈரம் பட்ட அலுமினிய மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை முடிந்து பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி காசிராஜன் ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருந்தார். அவருடைய மகன் ஹரிஷ்குமார்தான் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியூரில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் வந்தவன். மரியாதையான பிள்ளை. ஆனால் பேச்சில் பாதி இங்கிலீஷ் கலந்திருக்கும், அதுவும் வேகமாக வரும். வாசலுக்கு வெளியே நின்ற வேன் பக்கம் காதில் போனை வைத்தபடியே வந்தான். வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

“மூக்கம்மாக்கா, மண்டே நம்ம யூனிட் க்ளோஸ். யாரும் வர வேண்டாம். நான் சொல்லி அனுப்புற வரைக்கும் யாருமே வர வேண்டாம். லேடீஸ் எல்லாருக்கும் டிஸெமினேட் பண்ணிருங்க.”

இதுதான் அவன் சொன்னது. எல்லாருக்கும் இந்தச் சேதியைப் பரப்பிவிடுங்கள் என்று அர்த்தம்.

மூக்கம்மாள் காதில் விழுந்தது வேறு: யாரும் வர வேண்டாம், எல்லாரையும் டெர்மினேட் பண்ணிருங்க.

அவள் காது அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவள் புருஷன் பாண்டிமுருகன் முன்பு ஒரு லாரி ஆபீசில் லோடுமேனாக இருந்தான். போன வருஷம் ஒருநாள் உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “டெர்மினேட் பண்ணிட்டாங்கடி” என்றான். “அப்படின்னா?” என்று கேட்டாள். “வேல போச்சுன்னு அர்த்தம்” என்றான். மூக்கம்மாள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட இங்கிலீஷ் சொல் அது ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய வெள்ளி படிந்த கையால்தான்.

“ஏன் தம்பி? என்னத்துக்குத் தம்பி?” என்று கேட்டாள்.

“உள்ள ஒரு ப்ராப்ளம்க்கா. அப்புறம் டீட்டெய்லா சொல்றேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.” போனில் யாரோ கூப்பிட, பேசிக்கொண்டே போய்விட்டான்.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ‘தம்பி, அந்த வார்த்தை வெளங்கல, தமிழ்ல சொல்லுங்க’ என்று ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் தெரியாது என்பதை முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் காட்டிக்கொள்ளக் கூச்சம். போதாததற்கு உடம்பில் அலுப்பு. மழையில் அள்ளிய தோள் இற்றுப்போய்க் கிடந்தது.

வேனில் பெண்கள் தீபாவளிக்கு எடுக்கப்போகும் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மூக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மதினி, சின்ன மொதலாளி தனியாக் கூப்பிட்டுப் பேசுறாக? ஒங்களப் போர்மேனாப் போடுறாகளோ?” என்றாள் சோலையம்மாள். வேனிலேயே நீளமான நாக்கு அவளுக்குத்தான்.

“சும்மா வாத்தா. தல வலிக்கி.”

“போர்மேன் ஆனா மொத வேலையா இந்த வேனுக்கு ஒரு நல்ல சீட்டு வாங்கிப் போடுங்க. எங்க இடுப்பு போச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் வைத்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்வோம் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் புருஷனிடம் மட்டும் சொன்னாள். பாண்டிமுருகன், “அம்புட்டுப் பேரையுமா?” என்றான்.

“அம்புட்டுப் பேரையும்தான். அதயும் என்னயவே சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்காக.”

“அவுக வாய்ல சொன்னா வலிக்குமாக்கும்.”

“நாந்தான் இருக்கேன்ல, எல்லாத்தையும் சொமக்க.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டுக் கிளம்பினாள். முதலில் அய்யம்மாள் வீடு. அய்யம்மாள் அருவாமனையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அரிய ஆரம்பித்தாள்.

“சரி. இனிமே ரேசன் கடைக்காவது நேரத்தோட போகலாம்” என்றாள். இதைச் சொல்லும்போது அவள் நிமிரவில்லை.

இரண்டாவது வீட்டில் அழுதார்கள். மூன்றாவது வீட்டில், “நீ என்ன சொன்ன அவுககிட்ட? வாயை மூடிட்டு வந்தியாக்கும்?” என்று இவள்மேலேயே பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு போன வீடுகளில் இவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. சேதி இவளுக்கு முன்னால் நடந்து போயிருந்தது. நடக்க நடக்கச் சதையும் போட்டிருந்தது.

“கம்பெனிய வித்துட்டாகளாம்ல?”

“உருண்ட உருட்ட மெசின் வருதாம்ல?”

“மூக்கம்மாளுக்கு மட்டும் வேல உண்டாமே?”

கடைசியாகக் கேட்டது முதுகில் குத்தியது. “ஏத்தா, எனக்கும் சேத்துத்தான் சொன்னாக” என்று தெருவில் நின்று சொன்னாள். யார் கேட்கிறார்கள்?

மத்தியானத்துக்குள் சோலையம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. சீசன் நேரத்தில் அம்புட்டுப் பேரையும் ஒரு சொல்லில் அனுப்புவதாவது, திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கம்பெனிக்குப் போய்ப் பெரிய முதலாளி வரும்வரை உட்காரலாம் என்று பேச்சு ஆயிற்று.

“யாரும் வர வேண்டாம்னு சொன்னாக” என்றாள் மூக்கம்மாள். “அத ரெண்டு தடவ சொன்னாக. சொல்லி அனுப்புற வரைக்கும் யாருமே வரக் கூடாதுன்னு.”

“வர வேண்டாம்னா, அன்னைக்குத்தான் மதினி போகணும். அவுக வரச் சொல்லியா நம்ம நாயம் கேக்கப் போறோம்?”

ஹரிஷ்குமார் சொன்னதில் உயிரான பாகம் மூக்கம்மாளிடம் சரியாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. யாரும் வர வேண்டாம். அதை அவள் சரியாகச் சொல்லவும் செய்தாள். ஆனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த தப்பான சொல், அந்தச் சரியான சொல்லை யாரும் நம்பாதபடி செய்துவிட்டது. வர வேண்டாம் என்றதற்குக் காரணம் பூட்டிய அறைக்குள் இருந்தது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் அதை நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை வேன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் எல்லாரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள். கரிசல் மண் மழையில் ஊறிச் செருப்பில் அப்பிக்கொண்டது. மூக்கம்மாள் எல்லாருக்கும் பின்னால் நடந்தாள். தினமும் இவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள், இன்றைக்கு இவர்கள் இழுத்துக்கொண்டு போகிற ஆளாகிவிட்டாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கையை விரித்து மறித்தார். “ஒங்களத்தான் வர வேண்டாம்னாகளே, எதுக்கு வந்தீக?”

“வாங்குன சம்பளத்துக்கு நல்லாத்தான் மறிக்கீரு. தள்ளும்யா!” சோலையம்மாள் பெரிய கேட்டை ஒட்டியிருந்த சின்னக் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் நெருக்கினார்கள்.

ஆபீசிலிருந்து ஹரிஷ்குமார் ஓடி வந்தான். இரண்டு கைகளையும் வீசிக்கொண்டே வந்தான். “போங்க! போங்க! வெளிய போங்க!” முகமெல்லாம் வேர்த்திருந்தது.

ஆட்டை விரட்டுவது போல விரட்டுகிறான் என்றுதான் பெண்களுக்குப் பட்டது. சோலையம்மாள் அங்கேயே, வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “போக மாட்டோம். என்ன செய்வீக?”

“அக்கா, ப்ளீஸ். மூக்கம்மாக்கா! நான்தான் டிஸெமினேட் பண்ணச் சொன்னேனே உங்களை!”

“அதான் பண்ணிட்டீகளே!” என்றாள் மூக்கம்மாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. “அம்புட்டுப் பேரையும் டெர்மினேட் பண்ணிட்டு, அத எங்கிட்டயே சொல்லிவிட்டீகளே தம்பி! இவுக மூஞ்சில நான் எப்படி முழிக்க?”

ஹரிஷ்குமார் அப்படியே நின்றுவிட்டான். “டெர்மினேட்டா? யாருக்கா சொன்னது? நான் டிஸெமினேட்னுதான் சொன்னேன். டிஸ், ஸெமினேட்!”

“டிஸெமினேட்டுன்னா என்ன?”

அந்தக் கேள்வி வந்தது அப்போதுதான். அவனுக்குத் தமிழ் வாயில் வரவில்லை. “அது... ஸ்ப்ரெட் பண்றது. பரப்புறது. எல்லாருக்கும் பரப்பிருங்கன்னு...”

“பரப்பவா? மழை பேஞ்ச ஈரத்துல மேடையில எங்கன தம்பி பரப்ப?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அந்தக் கம்பெனியில் பரப்புவது என்றால் மருந்தைப் பரப்புவதுதான். வேறு எதையும் அங்கே யாரும் பரப்பியதில்லை.

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அப்போது பின்பக்கத்திலிருந்து சீனிச்சாமி ஓடி வந்தார். தூரத்திலிருந்தே கத்தினார்.

“ஏ மூக்கம்மா! நனைஞ்ச மருந்து சுட்டுக்கிட்டுக் கெடக்கு! பொக வருது! ஆள்களக் கூட்டிட்டு ஓடு!”

இந்தச் சொற்களுக்கு யாரும் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. சம்மணம் போட்டிருந்த சோலையம்மாள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. மூக்கம்மாள் தினமும் வேனுக்குக் கூப்பிடுவது போலவே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முன்னே தள்ளி, பின்னால் ஓடினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஓடையில் இறங்கிப் படுத்தார்கள். ஹரிஷ்குமாரும் வாட்ச்மேனும் அவர்களோடு விழுந்தார்கள். சீனிச்சாமி வாசலைத் தாண்டியதும் அந்தப் பூட்டிய அறை வெடித்துப் போயிற்று. பூமி அடிவயிற்றில் உதைத்தது. ஓட்டுச் சில்லும் செங்கல்லும் வேலிக்கு உள்ளேயே விழுந்தன. கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

ஒருவரும் சாகவில்லை. சோலையம்மாளுக்கு முழங்கை உரிந்தது. சீனிச்சாமிக்கு மட்டும் இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்பதில்லை.

ஓடையில் கிடந்தபடியே மூக்கம்மாள் பெயர்களைச் சொல்லிச் சரிபார்த்தாள். எல்லாரும் பதில் கொடுத்தார்கள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஹரிஷ்குமார் சேறு பூசிய சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“ஸாரிக்கா. நான் ஒழுங்காச் சொல்லிருக்கணும்.”

“நானும் ஒரு தடவ திருப்பிக் கேட்டுருக்கணும் தம்பி. கேக்கல.”



அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளி வந்தது, போனது. வானத்தில் பூப்பூவாக விரிந்ததை மூக்கம்மாள் வாசலில் நின்றுகூடப் பார்க்கவில்லை. தப்பாகக் காதில் விழுந்த சொல், கடைசியில் மெய்யாகவே ஆகிவிட்டது. அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிற்று. அய்யம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். சோலையம்மாள் ஆனைக்குட்டம் பக்கம் கொத்து வேலைக்குப் போகிறாள். ஒரே வேனில் போய்வந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

மூக்கம்மாளுக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் இடம் கிடைத்தது. காலண்டர் சீசன். அச்சடித்து வரும் தாள்களை அடுக்கி, காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் இடத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. நகக்கண்ணில் வெள்ளி போய், இப்போது கறுப்பு மை.

ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை. என்ன சொல் அது, இம்புட்டையும் செய்தது? அதனால்தான் ஊருக்குள் படித்த பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு இதை எழுதுகிறவர் தேடிப் பார்த்துக் கிடைத்த பதில் இதுதான்.

லத்தீன் என்று ஒரு பழைய மொழி. அதில் விதைக்குப் பெயர் ‘செமென்’. ‘டிஸ்’ என்றால் நாலாபக்கமும், தனித்தனியாக. இரண்டும் சேர்ந்தால் கையில் அள்ளிய விதையை நிலத்தில் அங்கங்கே தூவுவது. அதிலிருந்துதான் ஒரு செய்தியை, ஓர் அறிவை நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற அர்த்தம் வந்திருக்கிறது. நாம் சொல்கிற ‘செமினார்’கூட அதே விதையிலிருந்து முளைத்த சொல்தான். முதலில் அதற்கு நாற்றங்கால் என்று அர்த்தமாம். ‘டெர்மினேட்’டும் லத்தீனிலிருந்து வந்ததுதான். அது ‘டெர்மினஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு எல்லைக்கல் என்று அர்த்தம். ஒன்று நிலத்துக்குள் விழும் விதை. மற்றது, இதோடு உன் நிலம் முடிந்தது என்று ஊன்றிய கல். ஹரிஷ்குமார் கையில் கொடுத்தது விதை. வேன் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது கல்.

இதைப் போய் அவளிடம் சொன்னபோது, அச்சாபீசிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடைசிவரைக்கும் கேட்டாள்.

“வெதைக்கிறதா?” என்றாள். “நானும் சின்னதுல கம்பு வெதைச்சவதான். ‘எல்லாருக்கும் சொல்லிருங்க’ன்னு அந்தத் தம்பி சொல்லிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்.” பிறகு கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, “பாவம், அது படிச்ச படிப்பு அப்படி” என்றாள்.

இப்போது அச்சாபீசில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் எதைச் சொன்னாலும், “திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று அப்படியே திருப்பிச் சொல்வாள். புரியாத சொல் வந்தால், “அதத் தமிழ்ல சொல்லுங்க” என்பாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் அவளைக் கிளிப்பிள்ளை என்று கேலி செய்கிறார்கள். சூப்பர்வைசர் சில நேரம் எரிந்து விழுகிறார். அவள் கூச்சப்படுவதில்லை. கூச்சப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும், தனக்கு அது இல்லை என்கிறாள்.

இதைப் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ, வேனிலோ, வேலை பார்க்கும் இடத்திலோ ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். நனைந்த மருந்து சூடாகும் என்பதையும், அதன் பக்கம் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் சொல்லாதீர்கள். சொல்லி முடித்ததும், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்.